மல்லி கிலோ முப்பத்தொண்ணு

அன்னவாசல்
14.9.2024

தஸ்லீமா அத்தாவுக்கு ஸலாம்.

கடுதாசியப் பாத்ததும் பதறாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. போன் கையில இருக்கையில இவ எதுக்குக் கோடு போட்ட தாள்ல எழுதிக்கிட்டு இருக்கான்னு நெனப்பீங்க. வெள்ளிக்கிழமை நீங்க போன் பண்ணா நம்ம வீட்ல என்ன நடக்கும்னு தெரியாதா? உங்க அம்மா ஸ்பீக்கர் போடச் சொல்வாங்க. பைரோஸக்கா எந்தோள்ல தாடைய வச்சுக்கிட்டு தம்பிக்கு மூஞ்சியக் காட்டும். மக தஸ்லீமா போனையே பிடுங்கிக்குவா. இதுக்கு நடுவுல நான் என்னத்தச் சொல்ல? அதான் செபமாலை அண்ணன் லீவு முடிஞ்சு குவைத்துக்குத் திரும்புறாருன்னு கேள்விப்பட்டு, எலுமிச்சங்கா ஊறுகாய்க்கு அடியில இத வச்சு அனுப்புறேன்.

என் கழுத்துல சுண்டக்கா மாதிரி ஒரு கட்டி இருக்குன்னு சொன்னேன்ல, அதுல ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. டிபின்னு வந்துருச்சு. நுரையீரல்ல இல்ல, கழுத்துல மட்டுந்தான். இது அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு புவனேஸ்வரி டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாங்க. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும். ஆகஸ்ட் மொதல்லயே ஆரம்பிச்சாச்சு. வீட்ல தைராய்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுவும் காலையில வெறும் வயித்துல போடுற மாத்திரை தான், அதனால யாருக்கும் சந்தேகம் வரல. இலுப்பூர் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரத்துல பொண்ணோட அம்மாவுக்கு டிபின்னு யார் காதுலயாவது விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

சொல்ல வந்தது அது இல்ல. பத்து நாளா எனக்குச் சோத்து வாடையே ஆகல. குமட்டுது. கண்ணாடியில பாத்தா கண்ணு மஞ்சளா இருந்துச்சு. ஓடுனேன். ரத்தம் எடுத்தாங்க. எஸ்ஜிபிடின்னு ஒண்ணு இருக்காம். ஈரலுக்குள்ள இருக்க வேண்டிய சரக்கு அது. ஈரல் அடிபட்டா ரத்தத்துக்குள்ள ஒழுகி வந்துருமாம். எம்புட்டு ஒழுகியிருக்குன்னு அளந்தா ஈரல் எம்புட்டு அடிபட்டிருக்குன்னு ஒரு கணக்குக்குத் தெரியும். நாப்பதுக்குள்ள இருக்கணும். எனக்கு எரநூத்திப் பன்னெண்டு. டிபி மாத்திரையால வந்தது தான். இப்போதைக்கு எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. எறங்குன பொறகு ஒவ்வொண்ணா ஆரம்பிப்பாங்களாம்.

போன்ல இதச் சொல்ல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். பூக்கடை செவந்திக்கு கீரமங்கலத்துல இருந்து பூ வருதுல்ல, நான் பொழுதுபோகக் கட்டிக் குடுக்குறேன்ல. நீங்க மல்லி வெலை என்னன்னு கேளுங்க. நான் சொல்றது தான் எஸ்ஜிபிடி. உங்க அம்மா தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது. பதில செவந்தி வீட்டு விலாசத்துக்குப் போடுங்க.

ஊறுகாயில உப்பு தூக்கல். கை தவறிருச்சு.

உங்கள்
ரம்லத்

*

குவைத்
29.9.2024

ரம்லத்துக்கு உன் மச்சான் ஷேக் பரீதின் ஸலாமும் துஆவும்.

செபமாலை ஊறுகாயக் குடுத்துட்டுப் போனான். பிரிச்சுப் படிச்சதுல இருந்து நான் நானா இல்ல. நேத்து மெஸ்ஸுல எரநூறு பேருக்குச் சாம்பார் வச்சு அதுல புளியே ஊத்தல. சூப்பர்வைசர் கத்துறான். ஒரு மாசமா இத மனசுல வச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்கிட்ட சிரிச்சுப் பேசிருக்க. நீ என்ன மனுசி?

டிபி வரும், போகும். இங்க கேம்ப்புலயே ரெண்டு பேருக்கு வந்து சரியாயிருக்கு. எனக்கு பயம் அந்த மஞ்சள் தான். எங்க அண்ணன் எப்படிப் போனாருன்னு உனக்குத் தெரியும். கண்ணு மஞ்சளாச்சு, வயிறு வீங்குச்சு, நோன்புக்கு இருந்த மனுசன் பெருநாளைக்கு இல்ல. குளிப்பாட்டி எடுத்தவன் நான். அந்த நெறத்த ஒன் கண்ணுல நெனச்சுப் பாக்கவே முடியல. கழுத்துக் கட்டிய கரைக்க ஈரலக் குடுக்கணும்னா அந்த மாத்திரை எதுக்கு? கட்டி இருந்துட்டுப் போகட்டுமே. டாக்டர்கிட்ட கேளு.

இப்ப நான் சொல்றதக் கவனமாக் கேளு. என் லீவு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ தான். ஏப்ரலுக்கு வச்சிருக்கேன், மக நிக்காஹ்வுக்கு. இப்ப எடுத்தா அப்ப கெடையாது. அது தெரிஞ்சே சொல்றேன், இனிமே அந்த எண்ணு நூறத் தாண்டுச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியக் கட்டிருவேன். அல்லாஹ் மேல ஆணை. நிக்காஹ்வ எவனாவது பாத்துக்கட்டும்.

எனக்கு வேற சேதி எதுவும் வேண்டாம். எண்ணு மட்டும் சொல்லு. வாரா வாரம் சொல்லு.

ஷேக் பரீது

*

அன்னவாசல்
24.10.2024

தஸ்லீமா அத்தாவுக்கு,

ஸலாம். உங்க கடுதாசி செவந்தி பூக்கூடைக்குள்ள வச்சுக் கொண்டாந்து குடுத்தா. மல்லி வாடையோட படிச்சேன். சந்தோசமா ஒரு வரி இல்ல. புருசன் எழுதுன மொதக் கடுதாசி இப்படியா இருக்கணும்?

ஆணை எல்லாம் இடாதீங்க. அதுக்குத்தான் எனக்கு பயம். வெள்ளிக்கிழமை போன்ல சொன்னேனே, மல்லி அறுபத்திநாலுன்னு. எறங்கிருச்சு. கண்ணு வெளுத்துருச்சு. நேத்து அயிரை மீன் கொழம்பு வச்சு ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னேன். டாக்டர் மறுபடி மாத்திரை ஆரம்பிச்சிட்டாங்க. மொதல்ல அந்தச் செவப்பு மாத்திரை, பொறவு மத்தது. நீங்க கேக்கச் சொன்னத கேட்டேன். "கட்டிய விட்டா உள்ள எங்கயாவது போய் உக்காரும்மா, ஈரலுக்கு நான் காவல் இருக்கேன், நீ மாத்திரைய விடாத"ன்னாங்க. மாசா மாசம் ரத்தம் குடுக்கணும்.

பெரிய சேதி இனிமே தான். இலுப்பூர்ல இருந்து வந்து பேசி முடிச்சிட்டாங்க. நோன்பு முடிஞ்சு ஏப்ரல்ல நிக்காஹ். மாப்பிள்ளை அம்மா தஸ்லீமா தலையைத் தடவிக் குடுத்துச்சு. அவங்க போன பொறகு இவ அடுப்படிக்கு வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணு தான் கேட்டா. "அத்தா வந்து தான என்னைய ஒப்புக் குடுப்பாங்க?"ன்னா. அவ வயசுக்கு வந்தப்ப நீங்க இல்ல. பன்னெண்டாவதுல ஸ்கூல் மொதலா வந்தப்பவும் இல்ல. இதுக்காவது இருப்பாங்கன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.

அதனால நீங்க வரக்கூடாது. ஏப்ரலுக்கு முன்னாடி வரவே கூடாது. நூறத் தாண்டாது, தாண்ட விடமாட்டேன். போதுமா?

பைரோஸக்காவுக்கு ஒரு பர்தா துணி வேணுமாம். கறுப்புல பூப்போட்டது. எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஒரு கோடாலித் தைலம் அனுப்புங்க.

ரம்லத்

*

குவைத்
22.11.2024

என் ரம்லத்துக்கு,

ஸலாம். போன்ல நீ "மல்லி முப்பத்தெட்டு"ன்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்மா, "என்னடா பூ வெலைக்குப் போய் இப்படிச் சிரிக்கிற"ன்னு கேட்டதும் தான் வாய மூடுனேன். அன்னைக்கு மெஸ்ஸுல சேமியா பாயாசம் வச்சேன். எதுக்குன்னு எல்லாரும் கேட்டாங்க, சொல்லல.

படுக்கைக்குப் பக்கத்துல செவத்துல எழுதி வச்சிருக்கேன். எரநூத்திப் பன்னெண்டு, அறுபத்திநாலு, முப்பத்தெட்டு. தொழுதுட்டு வந்து ஒருதரம் பாத்துட்டுத் தான் படுக்குறேன். நாப்பதுக்குள்ள வந்துட்ட. என் தங்கம் நீ. இப்படியே இருந்துரு.

மகளுக்கு எல்லாம் பாத்து வாங்க ஆரம்பிச்சிட்டேன். ஏப்ரல் மூணாம் தேதிக்கு டிக்கெட் சொல்லிருக்கேன். தைலம், துணி, பேரீச்சம்பழம் அனுப்புறேன். பழம் ஒனக்கு மட்டும். அக்கா கண்ணுல காட்டாத.

கட்டி எப்படி இருக்குன்னு நீ எழுதவே இல்லையே. கரைஞ்சிருச்சா?

ஷேக் பரீது

*

அன்னவாசல்
20.12.2024

தஸ்லீமா அத்தாவுக்கு ஸலாம்.

முப்பத்தொண்ணு. செவத்துல எழுதிக்கோங்க.

பழம் வந்துச்சு. அக்கா பாத்துருச்சு, பாதி போச்சு. இங்க பனி ஜாஸ்தி. உங்க அம்மாவுக்கு முட்டி வலி. தஸ்லீமா ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கா. புதுக்கோட்டைக்கு ரெண்டு தடவ பஸ்ல போய் வந்ததுல எனக்கு அசதி, சாயந்தரமானா லேசா ஒடம்பு சுடுது. வேற ஒண்ணுமில்ல.

கட்டியப் பத்திக் கேட்டிருந்தீங்க. முக்காடு போட்டிருக்கறதால வெளிய தெரியல.

எண்ணு மட்டும் போதும்னு தான சொன்னீங்க. அது நல்லா இருக்கு. மத்ததக் கேக்காதீங்க.

ரம்லத்

*

குவைத்
10.1.2025

ரம்லத்துக்கு,

ஸலாம். ஒன் கடுதாசிய எத்தனை தடவ படிச்சேன்னு கேக்காத. ஒன் எழுத்து அது, ஆனா நீ பேசுற மாதிரி இல்ல. ஒரு கேலி இல்ல, ஒரு திட்டு இல்ல. முக்காடு போட்டா கட்டி வெளிய தெரியாது, சரி. உள்ள இருக்கா இல்லையா? அத ஏன் சொல்லல?

போன வெள்ளிக்கிழமை நீ எழுந்து போன பொறகு அம்மா போன வாங்கி என்ன சொன்னாங்க தெரியுமா? "ஒம் பொண்டாட்டிக்கு என்னமோ ஆயிருச்சுடா. மார்கழியில மல்லி முப்பத்தொண்ணுங்கறா. கடையில ரெண்டாயிரத்துக்குக் கொறைஞ்சு ஒருத்தன் குடுக்க மாட்டேங்குறான். நம்புற மாதிரியா இருக்கு?" அம்மா பூவத் தான் சொன்னாங்க. நான் செவத்துல எழுதியிருந்ததத் திரும்பிப் பாத்தேன்.

இங்க கேம்ப் கிளினிக்குல ஷர்லின்னு ஒரு நர்ஸ் இருக்கு. கீரமங்கலத்துப் பொண்ணு, என்னை அண்ணேன்னு கூப்பிடும். நம்ம ஊர்ப் பேர் சொல்லாம, தெரிஞ்சவங்க ஒருத்தருக்குன்னு எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு அது சொல்லுச்சு, "அண்ணே, ஈரல் எண்ணு நோயோட எண்ணு இல்ல. மாத்திரை ஈரலத் தாக்குதா இல்லையான்னு தான் அது சொல்லும். கட்டியப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. மறுபடி ஆரம்பிச்சும் எறங்கிருக்கலாம், சில ஈரல் பழகிக்கும். ஆனா மாத்திரையே உள்ள போகலைன்னாலும் அந்த எண்ணு அழகா எறங்கும்"னு.

இதக் கேளு, புள்ள. அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேக்கச் சொல்லுச்சு. கேக்க எனக்கு வெக்கமில்ல, ஒனக்கும் வேண்டாம். அந்தச் செவப்பு மாத்திரை தின்னா மூத்திரம், வேர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நெறமா வருமாம். ஒனக்கு வருதா?

வரலைன்னா, ஏன் வரலைன்னு எனக்கே தெரியும். மாத்திரை எதுக்குன்னு எழுதுனவன் நான். எண்ணு மட்டும் சொல்லுன்னு எழுதுனவனும் நான் தான். நூறு தாண்டுனா வந்துருவேன்னு ஆணை வச்சேன். நீ மகளுக்கு ஒரு அத்தாவப் பத்திரப்படுத்தி வச்சிட்டு ஒன்னைய விட்டுட்ட.

நான் நிக்காஹ்வுல இல்லைன்னா எனக்குப் பதிலா என் தம்பி உக்காந்து ஒப்புக் குடுப்பான். ஒனக்குப் பதிலா நான் யார உக்கார வைக்கிறது? சொல்லு.

மாத்திரைய விட்டு விட்டுத் தின்னா அப்புறம் அந்த மருந்தே கேக்காமப் போயிருமாம். ஷர்லி சொன்னதுல எனக்குத் தூக்கம் போனது அதுக்குத் தான். கையெடுத்துக் கும்புடாத கொறையா கேக்குறேன், நாளைக்கே புவனேஸ்வரி டாக்டர்கிட்ட போ. உள்ளத உள்ளபடி சொல்லு. அவங்க திட்டுனா எம் பேரச் சொல்லு.

செவத்துல எழுதுனத அழிச்சிட்டேன். எனக்கு இனிமே எண்ணு வேண்டாம். நீ மாத்திரைய முழுங்குறியான்னு மட்டும் சொல்லு. நம்புறேன். எப்படி நம்புறதுன்னு தெரியல, ஆனாலும் நம்புறேன்.

ஷேக் பரீது

*

குவைத்
31.1.2025

ரம்லத்,

பதில் இல்ல. நாலு வெள்ளிக்கிழமையில ரெண்டு தடவ நீ குளிக்கிறன்னாங்க, ஒரு தடவ தூங்குறன்னாங்க, ஒரு தடவ செவந்தி கடைக்குப் போயிருக்கன்னாங்க. அம்மா கொரலும் சரியில்ல. என்ன கேட்டாலும் "ரம்லத்தே எழுதுவா"ங்குறாங்க. நீ எழுதுறது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது.

ஷேக் பரீது

*

அன்னவாசல்
16.2.2025

தஸ்லீமா அத்தாவுக்கு உங்க ரம்லத் சொல்ற ஸலாம்.

பதில் எழுதாததுக்குக் காரணம் இருக்கு. வெறுங்கையோட எழுத வேண்டாம்னு இருந்தேன். ரெண்டாவது காரணம் கோவம். உங்க கடுதாசியப் படிச்சிட்டு அப்படி ஒரு கோவம் வந்துச்சு எனக்கு. எண்ணு எண்ணுன்னு உசுர எடுத்தது யாரு? கேட்டதக் குடுத்தேன். ரத்தம் குடுக்கப் போறதுக்கு முன்னாடி மாத்திரைய நிறுத்துனா எண்ணு எறங்குதுன்னு மொத மாசமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பொறவு நிறுத்துன மாத்திரையத் திரும்ப எடுக்கக் கை வரல. எடுத்தா குமட்டும், ஏறும், நீங்க வந்து நிப்பீங்க, மக மொகத்த நான் பாக்கணும். கட்டி நெல்லிக்கா அளவுக்கு வந்துச்சு. முக்காட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க பாயாசம் வச்சேன்னு எழுதுனதப் படிச்ச அன்னைக்குத் தான் எனக்கு அழுகையா வந்துச்சு.

கோவம் தீந்ததும் போனேன். டாக்டர் திட்டல. கட்டியத் தொட்டுப் பாத்துட்டு, ஸ்கேல் வச்சு அளந்து எழுதிக்கிட்டாங்க, அதுக்குத் திட்டியிருக்கலாம். மறுபடி ஊசி போட்டு எடுத்து, மருந்து இன்னும் கேக்குதான்னு பாக்க அனுப்பிட்டாங்க. அந்தப் பதில் வர்ற வரைக்கும் வீட்ல எனக்கு இருப்புக் கொள்ளல. அடுப்புல பால வச்சிட்டு வாசல்ல நிப்பேன், பால் பொங்கி ஊத்தும். மூணாம் தடவ பொங்குனப்ப உங்க அம்மா வந்து அடுப்ப அணைச்சிட்டு, "இது தைராய்டு இல்ல, என்னன்னு சொல்லு"ன்னாங்க. சொல்லிட்டேன். எல்லாத்தையும், மல்லி வெலை உட்பட. பூ வெலையக் கேட்டதும் தான் அவங்களுக்குக் கோவம் வந்துச்சு. "என் வீட்ல உக்காந்து என்னையவே கேனச்சி ஆக்கிட்டீங்களே ரெண்டு பேரும்"னு ரெண்டு நாள் என்கூடப் பேசல.

மருந்து கேக்குது. அல்ஹம்துலில்லாஹ். பதில் வந்துருச்சு, மருந்து இன்னும் கேக்குது. மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க, மறுபடி ஆறு மாசம். காலையில உங்க அம்மா எதிர்ல சேரப் போட்டு உக்காந்துக்குறாங்க. முழுங்குனதும் வாயத் தொறந்து காட்டச் சொல்றாங்க, நாக்கத் தூக்கிக் காட்டச் சொல்றாங்க. இருவது வருசத்துல இந்த மாமியாளுக்கு நான் இப்படி வாயத் தொறந்ததில்ல.

தஸ்லீமாவுக்கும் தெரிஞ்சு போச்சு. அவளே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா, என்னைக் கேக்கக்கூட இல்ல. அங்கிட்டு இருந்து இன்னும் ஒரு வார்த்தை வரல. போன் அடிச்சா எனக்குத் திக்குங்குது. அவ மட்டும் நிம்மதியா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுக்கிட்டு இருக்கா. "எங்க அம்மா மாத்திரை தின்னதுக்காக வேண்டாம்னு சொல்றவங்க வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்"ங்குறா. யார் மாதிரின்னு தெரியல, என் மாதிரி இல்ல.

எண்ணு வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. இந்த ஒரு தடவ சொல்லிக்கிறேன். தொண்ணூத்திரெண்டு. நூறுக்கு எட்டு கொறைச்சல், உங்க ஆணைக்கு இன்னும் எடம் இருக்கு. வாந்தி இல்ல, கண்ணு வெள்ளையாத் தான் இருக்கு. இம்புட்டு ஏறுறத வச்சு மருந்த நிறுத்த வேண்டாம், வாரா வாரம் பாத்துக்கிட்டே போலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இனிமே ஏறுனா ஏறிச்சுன்னு சொல்வேன், எறங்குனா எறங்குச்சுன்னு சொல்வேன். வரணும்னு தோணுனா வாங்க. ஏப்ரல்ல தான் வரணும்னு நான் இனிமே சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை மல்லி வெலை கேளுங்க, உங்க அம்மாவே ஸ்பீக்கர்ல சொல்வாங்க.

நீங்க கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில எழுத எனக்கு வெக்கமா இருக்கு. தாளுக்கு நடுவுல ஒரு வெள்ளைத் துணி மடிச்சு வச்சிருக்கேன். நேத்து உங்க கடுதாசியத் திரும்ப எடுத்துப் படிச்சிட்டு கண்ணத் தொடச்சது. தொவைக்காம அப்படியே அனுப்புறேன். வெளிச்சத்துல விரிச்சு, அது என்ன நெறமா இருக்குன்னு பாருங்க.

உங்கள்
ரம்லத் பீவி